கொன்னது யாருன்னு ஊருக்கே தெரியும்

துப்பறியும் கதையைப் பற்றிப் பேச இந்தப் பக்கங்களில் இடம் எதற்கு என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். 'பஸ் ஸ்டாண்டு கடையில கிளிப் மாட்டித் தொங்கற குப்பை' என்று மேடையிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். குப்பையோ கோபுரமோ, நம்ம ஜனங்க எதைப் படிச்சாங்கன்னு மொதல்ல பாக்கணும். ஏனாத்தூரிலும் உத்திரமேரூர் சுத்துப்பட்டுச் சேரிகளிலும் எட்டாவதோடு படிப்பை விட்டுட்டுச் சித்தாள் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போனவங்க, எழுத்துக்கூட்டிப் படிச்ச நிலையிலிருந்து தடதடன்னு படிக்கிற நிலைக்கு வந்தது மாத நாவலால்தான். பாடப்புத்தகம் நம்மைத் துரத்தியது. மாத நாவல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. அந்த இழுப்பு எங்கிருந்து வந்தது, அதை நாம் கையிலெடுக்க முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

தொழில்நுட்பத்தை முதலில் மதித்துப் பேசுவோம். முதல் பக்கத்தில் ஒரு பொணம். சின்னச் சின்ன அத்தியாயம், ஒவ்வொன்றும் ஒரு கொக்கியில் முடியும். ரெண்டு தனித்தனிக் கதையை மாத்தி மாத்தி ஓட்டிக் கடைசியில் முடிச்சுப் போடுவது ராஜேஷ்குமாரின் கைப்பழக்கம். நாலு வரி விளக்க வேண்டிய இடத்தை ஒரு வரி உரையாடலில் தாண்டுவது சுஜாதாவின் சிக்கனம். இதெல்லாம் கைத்தொழில். தறி போடறவனுக்கு நாடாவைப் போல எழுதறவனுக்கு இது. இதைக் கத்துக்காமல் 'நாங்கள் மக்களுக்காக எழுதுகிறோம்' என்று சொன்னால், மக்கள் ரெண்டாவது பக்கத்திலேயே மூடி வைப்பார்கள். வலியை எழுதினால் போதும், வாசகர் தானாக உருகுவார் என்பது நம் பக்கத்தில் வளர்ந்துவிட்ட ஒரு சோம்பல்.

ஆனால் துப்பறிகிறவன் யார்? தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும். வக்கீல், அதிகாரி, துப்பறியும் கம்பெனி நடத்துகிறவர்கள். இவர்களுக்குச் சாதி சொல்லப்படுவதில்லை. நம் நாட்டில் சாதி சொல்லப்படாமலே நடமாட எவனுக்கு வசதி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சேரி வரும். எப்போது வரும்? போலீஸ் ஜீப் தேடிக்கொண்டு வரும்போது வரும். கதை முழுக்க எல்லோரும் பத்திரிகைத் தமிழ் பேச, ஒருத்தன் மட்டும் 'இன்னா சார்' என்று ஆரம்பித்தால் அவன் ஒன்று கோமாளி, இல்லை இடுப்பில் கத்தி வைத்திருக்கிறவன். என் வாசிப்பில், சேரியிலிருந்து கிளம்பித் துப்புத் துலக்கி ஊருக்குள் போய்க் கதவைத் தட்டுகிற ஒருவனைச் சந்தித்ததில்லை. ஒருத்தியைச் சந்தித்ததே இல்லை.

*

மூன்று வருசங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

1891இல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் திரமென்ஹீர், இந்த மண்ணின் பறையர்கள் எப்படி நிலமில்லாமல் அடிமைப்பட்டுக் கிடக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினார். அதன் பலனாக 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். 1893இல் இதே செங்கல்பட்டு ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1894இல் தமிழின் முதல் துப்பறியும் கதை என்று சொல்லப்படும் 'தானவன்' வெளிவந்தது. எழுதியவர் பண்டித நடேச சாஸ்திரி. கதாநாயகன் ஒரு போலீஸ்காரன்.

மூணும் ஒரே மண்ணில், ஒரே அச்சு மையில் நடந்த காரியங்கள். ஒன்றில் நாம் கேட்பவர்கள், ஒன்றில் நாமே பேசுபவர்கள். துப்பறியும் கதை மட்டும் தொடக்கத்திலிருந்தே போலீஸ்காரன் தோள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு உலகத்தைப் பார்த்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு என்று அந்த வடிவம் தமிழில் வளர்ந்து செழித்த அதே காலத்தில்தான், 1911இல், குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு நீட்டப்பட்டது. பிறந்த குழந்தையையே குற்றவாளி என்று பதிவேட்டில் ஏற்றி, ரேகை எடுத்து, ராத்திரி ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்ன சட்டம். கதையில் 'யார் குற்றவாளி?' என்று முன்னூறு பக்கம் தேடினார்கள். வெளியே முழுச் சாதிகளையே பேர் எழுதி முடித்துவிட்டிருந்தார்கள்.

இன்னும் பின்னாடி போகணுமா? உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 கல்வெட்டுகள் இருக்கின்றன. ஜனநாயகத்தின் தொட்டில் என்று எல்லாக் கட்சிக்காரனும் வந்து கும்பிடுகிற சுவர். வாரியத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று அதில் பட்டியல் இருக்கிறது. கால் வேலி வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத ஞானம் வேண்டும். கணக்குக் காட்டாதவன், பிறர் பொருளைக் கவர்ந்தவன், மகாபாதகம் செய்தவன் வரக்கூடாது. அவன் உறவுக்காரனும் வரக்கூடாது. நல்ல விதிகள்தான். ஆனால் குற்றம் எது, குற்றவாளி எவன் என்று எழுதின உளியை யார் பிடித்திருந்தார்கள்? நிலத்தில் வேலை செய்தவனின் பொருளைக் கவர்ந்தவன் அந்தப் பட்டியலில் மாட்டியிருப்பானா?

*

கதையைத் திருத்துகிற எடிட்டரின் கையில் ஒரு பெரிய கோல் உண்டு. 'நம்பும்படியா இல்லையே' என்பதுதான் அது. நம்பகத்தன்மை. பாத்திரம் இப்படிச் செய்யுமா, இந்தச் சூழ்நிலையில் இது நடக்குமா என்று கேட்பது எடிட்டரின் வேலை. அந்தக் கேள்வி வேண்டும். ஆனால் நம்புகிறவன் யார்?

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய பணக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பின் தர்க்கங்களில் ஒன்று. இதை ஒரு எழுத்தாளனாகப் படித்துப் பாருங்கள். ஒரு எடிட்டர் கதாபாத்திரத்தைப் பற்றிப் போடுகிற குறிப்பு மாதிரியே இருக்கிறது. 'மிராசுதார் நடக்க மாட்டார். மாற்றவும்.' சாட்சி சொன்ன கூலிக்காரங்களோட கண்ணை விட, பணக்காரன் எப்படி நடந்துக்குவான் என்கிற கற்பனை பெரிசாயிடுச்சு. கதை எழுதறவன் கட்டிவச்ச நம்பகத்தன்மையும் கோர்ட்டு கட்டிவச்ச நம்பகத்தன்மையும் ஒரே சூளையில் வெந்த செங்கல்.

அதனால்தான் சொல்கிறேன், குற்றக்கதை நமக்கு நேரப்போக்கு விசயமில்லை. எது நடக்கும், எது நடக்காது என்று ஒரு சமூகம் தன்னை நம்பவைத்துக்கொள்கிற இடம் அது. அந்த இடத்தில் நமக்கு நாற்காலி வேண்டும்.

கறுப்பர்கள் அந்த நாற்காலியைப் போட்டுக்கொண்டார்கள். செஸ்டர் ஹைம்ஸ் 1928இல் கொள்ளை வழக்கில் ஒஹாயோ சிறைக்குப் போனவர். அங்கேயே எழுத ஆரம்பித்தவர். 1953இல் பிரான்ஸ் போனார். பாரிசில் 'செரி நுவார்' என்ற குற்றக்கதை வரிசையின் எடிட்டர் மார்செல் துயமெல் அவரைக் கூப்பிட்டு, மனசுக்குள் ஓடுவதை விட்டுவிட்டு நடப்பதைக் காட்சியாக எழுது என்றார். ஹார்லெமின் இரண்டு கறுப்புப் போலீஸ்காரர்கள் பிறந்தார்கள். சவப்பெட்டி எட், குழிவெட்டி ஜோன்ஸ். 1958இல் அந்த வரிசையின் முதல் நாவலுக்குப் பிரான்சின் துப்பறியும் இலக்கியப் பரிசு கிடைத்தது. 1990இல் வால்ட்டர் மோஸ்லி, வேலை போன ஒரு கறுப்புத் தொழிலாளியைத் துப்பறிய வைத்தார். வெள்ளைக்காரன் நுழைய முடியாத கடைகளிலும் சந்துகளிலும் அவனால் நுழைய முடியும். அதுதான் அவன் தகுதி.

நம்ம பக்கம் யார் அப்படி? பிணவறையில் வேலை செய்கிறவர். டாக்டர் தள்ளி நின்று குறிப்பெழுத, உடம்பைத் திறந்து பார்ப்பது பல இடங்களில் அவர் கைதான். தண்டவாளத்தில் நடக்கிற கேங்மேன். ராத்திரியில் தெரு கூட்டுகிற துப்புரவுத் தொழிலாளி. சுடுகாட்டில் நிற்கிற வெட்டியான். அந்தக் காலத்தில் எல்லைத் தகராறு வந்தால் தலையில் குடத்தோடு எல்லையை நடந்து காட்டியது பறையர்தான் என்று வெள்ளைக்காரன் எழுதின புத்தகங்களிலேயே இருக்கிறது. ஊரின் எல்லையும் ஊரின் பொணமும் நமக்குத் தெரியும். துப்பறிகிறவனுக்கு இதைவிட வேறென்ன தகுதி?

*

இனி எழுதப்போகிற மாணவத் தோழர்களுக்கு, கைத்தொழில் பற்றிச் சில வார்த்தைகள்.

மொதல்ல கேள்வியை மாத்துங்க. மாத நாவலின் கேள்வி 'யாரு?'. நம்ம ஊரில் கொன்னது யாருன்னு மறுநாள் காலையில் டீக்கடைக்கே தெரியும். தெரிஞ்ச விசயம் எப்படித் தெரியாத விசயமாக ஆக்கப்படுகிறது என்பதுதான் நம் மர்மம். புதுக்கூரைப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 ஜூலையில், சாதி மாறிக் கல்யாணம் செய்த கண்ணகி, முருகேசன் இருவருக்கும் ஊர் பார்க்க விஷம் கொடுத்து எரித்தார்கள். போலீஸ் கொன்றவர்களோடு சேர்த்து முருகேசனின் சொந்தக்காரர்களையும் குற்றவாளிகளாக்கியது. பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் கோர்ட் 13 பேரைத் தண்டித்தது, அதில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த இருவரின் தண்டனையையும் உறுதி செய்தது. 22 வருசம். கொலை ஒரு நாளில் முடிந்தது. மறைத்த கதைதான் நாவல்.

ரெண்டாவது, காகிதத்தைப் படிக்கக் கத்துக்கோங்க. புகாரை வாங்கிக்கிட்டு எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவது ஒரு அத்தியாயம். 'சந்தேக மரணம்' என்று பதிவது ஒரு அத்தியாயம். பழைய சட்டத்தில் அது 174, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 194. அதைக் கொலைப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி உடலை வாங்க மறுத்து ஜனங்க உட்கார்வது ஒரு அத்தியாயம். இதில் தப்பு விட்டால் கதை சாயும். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், 1995 விதிகளின்படி, டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். உங்கள் கதையில் இன்ஸ்பெக்டரே எல்லாவற்றையும் விசாரித்து முடித்தால், ஒன்று நீங்கள் சட்டம் படிக்கவில்லை, இல்லை அதுவே கதையின் துப்பு. எதுவென்று தெரிந்து எழுதுங்கள். அதே மாதிரி, பொணம் விறைக்கிற நேரத்தை இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். நம்ம சித்திரை வெயிலில் சீக்கிரம் விறைக்கும், சீக்கிரம் தளரும்.

மூணாவது, துப்பை நேர்மையாக வையுங்கள். கடைசிப் பக்கத்தில் தெரியப்போகிற உண்மை முதல் பத்துப் பக்கத்திலேயே வாசகர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பட்டும் அவர் கடந்து போயிருக்க வேண்டும். 2015 ஜூனில் கோகுல்ராஜின் உடல் பள்ளிப்பாளையம் பக்கம் தண்டவாளத்தில் கிடந்தபோது, பார்வைக்கு அது தற்கொலை. முக்கியமான சாட்சி பின்னால் பிறழ்ந்தது. ஆனால் திருச்செங்கோடு கோயில் கேமரா பேசியது. 2022 மார்ச்சில் தண்டனை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகளே கோயிலுக்குப் போய் அந்த இடங்களை நேரில் பார்த்து, 2023இல் உறுதி செய்தார்கள். எல்லோரும் அன்றாடம் கடந்து போகிற கேமரா. நல்ல துப்பு அப்படித்தான் இருக்கும், கண்ணெதிரே.

நாலாவது, 'சாட்சி கூண்டுல ஏறி என்ன சொல்லப் போறான்?' இதைவிடப் பெரிய சஸ்பென்ஸ் கிடையாது. துப்பாக்கியோ கார் சேஸிங்கோ வேண்டாம். கூலி கொடுக்கிறவனே குற்றவாளி. கடன் பத்திரம் அவன் பீரோவில். அடுத்த வாய்தா வெள்ளிக்கிழமை. எழுதிப் பாருங்கள், வாசகர் மூச்சு விடமாட்டார்.

ஐந்தாவது, நம்மாளைச் சாமியாக்காதீர்கள். சேரிக்குள்ளும் அடிக்கிற புருசன் உண்டு, காசு வாங்கிச் சாட்சியை மாற்றுகிறவன் உண்டு, அருந்ததியரையும் இருளரையும் தாழ்த்திப் பேசுகிறவன் உண்டு. அவனை விட்டுவிட்டு எழுதினால் உங்கள் மர்மத்தில் பாதி சந்தேகக்காரர்கள் காணாமல் போவார்கள். என்கவுன்டர் வீரனையும் கடன் வாங்காதீர்கள். விசாரணையில்லாமல் சுடுகிறவனைக் கதாநாயகனாக்கும் கதையில், சுடப்படுகிறவன் எந்தத் தெருவிலிருந்து வருவான் என்று சொல்லவும் வேண்டுமா? கோவை ஆட்டோ டிரைவர் மு. சந்திரகுமார் குண்டூரில் போலீஸ் பிடியில் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார்; 2015இல் அது 'விசாரணை' படமானது. விசாரிக்கப்படுகிறவன் பக்கமிருந்தும் விறுவிறுப்பாக எழுத முடியும் என்பதற்கு அது போதும்.

*

எழுதறதைவிட எடிட்டிங் நமக்கு அவசரத் தேவை. நம்மிடம் எழுதுகிறவர்கள் வந்துவிட்டார்கள், திருத்துகிறவர்கள் வரவில்லை. 'உணர்ச்சி இருக்கு, அப்படியே போடு' என்று அச்சுக்கு அனுப்புவது மரியாதை இல்லை, அலட்சியம்.

எடிட்டர் என்ன செய்யணும்? கதையின் நாள், நேரம், தூரத்தைத் தனித்தாளில் எழுதிச் சரிபார்க்கணும். ராத்திரி பத்து மணிக்குக் கடைசி பஸ் போன ஊரில் பதினொரு மணிக்குச் சாட்சி எப்படி வந்தார் என்று கேட்கணும். சேரிப் பேச்சை 'திருத்தும்' கத்திரியைக் கீழே வைக்கணும். திருடனுக்கு மட்டும் கொச்சை, வக்கீலுக்கு நல்ல தமிழ் என்ற பாகுபாட்டை வெட்டணும். செத்த பெண்ணின் உடம்பை வர்ணிக்கிற பாராவை இரக்கமில்லாமல் வெட்டணும். மாத நாவல் அட்டையில் அந்த உடம்பை வைத்து விற்றது போதும், நாமும் உள்ளே வைத்து விற்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. உண்மை வழக்கைக் கதையாக்கும்போது உண்மையே ஆளைக் கொல்லும். பேரை மட்டும் மாத்திட்டு, தெருவையும் தொழிலையும் வண்டி நிறத்தையும் அப்படியே விட்டால், ஊர்க்காரன் அரை நிமிசத்தில் சாட்சியைக் கண்டுபிடிப்பான். வழக்கு முடியாத நிலையில் அது கதையில்லை, காட்டிக்கொடுத்தல். பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியும் குற்றம். எழுத்தாளன் 'ஆனா அதுதான் நடந்துச்சு தோழர்' என்பான். எவ்வளவு அழகான வரியானாலும் எடிட்டர் அதை வெட்டணும். அந்த வெட்டு கோழைத்தனமில்லை. அந்த அம்மா நாளைக்கு அதே தெருவில்தான் தண்ணி பிடிக்கணும்.

*

கடைசியாக ஒரு யோசனை. குற்றக்கதைக்குக் கொலைதான் வேணும்னு இல்ல. நம்ம ஜில்லாவின் மிகப் பெரிய திருட்டு நிலம். முதல் பத்து வருசம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்த பஞ்சமி நிலம் எப்படிக் கை மாறியது? பழைய 'அ' பதிவேட்டில் ஒரு பேர், 1979க்கும் 1987க்கும் இடையில் நடந்த யு.டி.ஆர். பதிவில் இன்னொரு பேர், வில்லங்கச் சான்றில் மூன்றாவது பேர். நடுவில் ஒரு கைநாட்டு. அந்தப் பெருவிரல் யாருடையது? அதை வைத்தபோது அவர் உயிரோடு இருந்தாரா? இதைவிட நல்ல முதல் அத்தியாயம் எந்த ராஜேஷ்குமாருக்கும் கிடைக்காது.

இந்த மர்மத்தைத் துலக்கப் போனவர்களுக்கு என்ன ஆச்சு என்பதும் தெரிந்த கதைதான். 1994 அக்டோபர் 10, காரணைப் பஞ்சமி நிலப் போராட்டம், செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் விழுந்தார்கள்.

ஒவ்வொரு ஊரிலும் ரெண்டு மாணவர்கள் உட்காருங்கள். ஒருவர் எழுதட்டும், ஒருவர் திருத்தட்டும். தாலுக்கா ஆபீசில் மனுப் போட்டு உங்க ஊர் 'அ' பதிவேட்டின் நகலை வாங்குங்கள். பாட்டிமார்களிடம் எந்த மேடு யாருடையதாக இருந்தது என்று கேளுங்கள். கேட்டதை 96 பக்கத்துக்குள், பஸ்ஸில் படிக்கிற மாதிரி எழுதுங்கள். ஏனாத்தூரில் ஏறுகிற பொம்பள உத்திரமேரூரில் இறங்க மறந்து படிக்கணும். படிச்சு முடிச்சதும், எங்க ஊட்டுப் பத்திரம் எங்கன்னு கேக்கணும்.